கிணற்றுக்குள் கரைந்திருக்கும் யூரியா

"செம்மண் நல்ல வடிகட்டி என்கிறார்களே, பிறகு எப்படித் தோட்டத்துப் பசளை கிணற்றுக்குள் போகிறது?" என்று யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சேற்றையும் பல கிருமிகளையும் அந்த மண் பிடித்துக்கொள்வது உண்மைதான். பசளையின் நைதரசனிலிருந்து உருவாகி நீரில் கரைந்துபோகும் நைத்திரேற்றைத்தான் அதனால் பிடிக்க முடிவதில்லை.

வெங்காயப் பாத்திக்கு யூரியா எறிந்து தண்ணீர் கட்டினால், மண்ணிலுள்ள நொதியம் சில நாட்களில் அதை அமோனியமாக்கிவிடும். அமோனியம் நேரேற்றம் உடையது. களித்துணிக்கைகளின் மேற்பரப்பில் இருப்பதோ பெரும்பாலும் மறையேற்றம். எனவே இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மழை பெய்தாலும் அமோனியம் இலேசில் நகராது. ஆனால் காற்றோட்டமுள்ள வெப்பமான மண்ணில் அதற்காகவே சில பற்றீரியாக்கள் காத்திருக்கின்றன. ஒரு கூட்டம் அமோனியத்தை ஒட்சியேற்றி நைத்திரைற்று ஆக்கும். இன்னொரு கூட்டம் அதை நைத்திரேற்று ஆக்கும். அவை உயிர்வாழச் சக்தி பெறுவதே இந்த வேலையில்தான். இதற்கிடையில் ஏற்றம் நேரிலிருந்து மறைக்கு மாறிவிடுகிறது. அதே நைதரசன் அணுவை முன்பு இறுக்கிப் பிடித்திருந்த களி, இப்போது விலக்கித் தள்ளுகிறது! மண்ணியலில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

வெங்காய வேர் ஆழம் போகாது. அதைத் தாண்டி இறங்கும் நீரோடு நைத்திரேற்றும் இறங்கும். கீழே வெடிப்பும் குகையுமான, மயோசீன் என்ற பழைய புவியியற் காலத்துச் சுண்ணக்கல். அங்கே இன்னொரு வடிகட்டி இல்லை. வற்றாத ஆறில்லாத குடாநாட்டில், மாரி மழை அப்படி இறங்கிச் சேர்வதுதான் குடிநீர்.

கெட்ட நீரை இறைத்துக் கொட்டிவிடவும் வழியில்லை. நன்னீர் கடல்நீரின் மேல் வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் இருக்கும். மேல்மட்டம் சற்றுக் குறைந்தாலும் உவர் பல மடங்கு ஏறிவரப் பார்க்கும்.

'மாட்டெரு என்றால் கேடில்லை' என்ற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. எரு மண்ணுக்கு நல்லது. ஆனால் அதன் நைதரசனும் இதே வழியில்தான் நைத்திரேற்றாகும். அளவு மிஞ்சினால் கிணற்றில்தான் போய்ச் சேரும். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்பது அதைவிட ஆபத்தான எண்ணம். நீர் ஆவியாகும், நைத்திரேற்று தங்கிச் செறிவு கூடும். அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறன் குறையும்.

உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அந்த எல்லையில் நிற்கும் கிணற்றிலிருந்து ஒரு ஹெக்டேயருக்கு 100 மில்லிமீற்றர் நீர் பாய்ச்சினால், சுமார் 11 கிலோ நைதரசன் தோட்டத்துக்குப் போகிறது. அதாவது ஏறக்குறைய 25 கிலோ யூரியா, அரை மூட்டை! கிணறுகளை மாரிக்கு முன்னும் பின்னும் அளக்க அரசு ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அளவுகள் ஆய்வேடுகளில் கிடந்து பயனில்லை. தன் கிணற்றின் எண் தெரிந்த தோட்டக்காரர், பசளை வாங்கும்போதே அந்த அரை மூட்டையைக் கழித்துவிடலாம்.