‘இணைப்பைத் துண்டிக்கவும்’: கனெக்டருக்கு வந்த சோதனை

நண்பர் ஒருவரின் பிக்கப் வண்டி பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லரின் விளக்கு எரியவில்லை. தமிழில் கிடைத்த ஒரு பழுதுபார்ப்புக் கையேட்டை வைத்துக்கொண்டு தானே சரிசெய்ய இறங்கிவிட்டார். முதல் வரி: ‘சேதமடைந்த இணைப்பைத் துண்டிக்கவும்.’ அவரும் துண்டித்தார். கட்டிங் பிளேயரை எடுத்து, பம்பருக்கு அடியில் தொங்கிய நாலு வயரையும் ஒரே நறுக்கு. வயர் நுனியில் டிரெய்லரோடு மாட்டும் கனெக்டரின் பிளாஸ்டிக் தலையை ஒட்டி நறுக்கியிருந்தாலாவது பரவாயில்லை. சேசிஸிலிருந்து, அதாவது வண்டியின் அடிச்சட்டத்திலிருந்து, வயர் வெளியே எட்டிப் பார்க்கும் இடத்திலேயே நறுக்கியதால், புதுக் கனெக்டரைச் சேர்க்கப் பிடிமானத்துக்கு ஒரு விரற்கடை வயர்கூட மிச்சமில்லை. கையேடு சொல்ல வந்தது இவ்வளவுதான்: கனெக்டரைக் கழற்று.

அவர் மேல் தப்பில்லை. துண்டி என்றால் துண்டாக்கு என்றுதான் பொருள். தொலைபேசி இணைப்பு, மின் இணைப்பு என்று எழுதி எழுதி, இணைப்பு என்று வந்தாலே அடுத்து துண்டி என்று கை தானாக எழுதிவிடுகிறது. வீட்டு மின்சாரத்தைத் துண்டிப்பதும், கையால் இழுத்தால் கழன்று வரும் ஒரு பொருளைப் பிரிப்பதும் ஒன்றா என்று யோசிக்க மொழிபெயர்ப்பாளருக்கு நேரமில்லை.

ஆனால் துண்டி என்பது அறிகுறிதான். நோய் ‘இணைப்பு’ என்ற சொல்லில் இருக்கிறது. கனெக்டர் என்றாலும் இணைப்பு, கனெக்‌ஷன் என்றாலும் இணைப்பு, வயரோடு வயரை முறுக்கி டேப் சுற்றினாலும் இணைப்பு, மின்னஞ்சலில் வரும் கோப்பும் இணைப்பு. அதே கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் ‘இணைப்பை இணைப்புடன் இணைத்தபின் இணைப்பைச் சரிபார்க்கவும்’ என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. நாலு தடவை படித்தேன். ஏதோ சித்தர் பாடல் மாதிரி இருந்தது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ‘நெக்டெரே’ என்றால் கட்டுதல், முடிதல். முன்னால் ‘சேர்த்து’ என்ற பொருள் தரும் ‘கொன்’ ஒட்டிக் கனெக்ட் ஆயிற்று. கடைசியில் வரும் ‘ஓர்’ விகுதி, செய்பவரை அல்லது செய்யும் பொருளைக் குறிக்கும். அந்த விகுதியில்தான் எல்லாம் இருக்கிறது. கனெக்‌ஷன் ஒரு நிலை, கனெக்டர் ஒரு பொருள். நிலையைக் கையில் எடுக்க முடியாது. பொருளை எடுத்துப் பார்க்கலாம், உடைந்தால் கடையில் புதிதாக வாங்கலாம்.

இந்த வேறுபாடு வெறும் இலக்கண நுணுக்கம் என்று நினைப்பவர்கள் ஒரு பழைய டிரெய்லர் கனெக்டரை உற்றுப் பார்க்க வேண்டும். வெளியே பிளாஸ்டிக் விரிசல்கூட இல்லாமல் முழுசாக இருக்கும். உள்ளே உலோக முள்ளின் மேல் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஒன்றேமுக்கால் ஆம்பியர் இழுக்கும். வழியில் அந்தக் களிம்பு ஓர் ஓம் தடையைச் சேர்த்தாலே சுமார் ஒன்றரை வோல்ட் அங்கேயே காணாமல் போகும், விளக்கு மங்கும். அதாவது கனெக்டர் இருக்கிறது, கனெக்‌ஷன் இல்லை. நேர்மாறாகவும் நடக்கும்: பூட்டுப்பல் உடைந்து கனெக்டர் தொங்கிக்கொண்டிருக்கும், விளக்கு ஜம்மென்று எரியும், வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கும் வரை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எது பழுது என்று எப்படிச் சொல்வது?

சரி, பொருளுக்குத் தனிச்சொல் வேண்டும். இங்கேதான் ‘செருகி’க் கட்சியினர் வருகிறார்கள். செருகுவது செருகி, செருகப்படுவது செருகுவாய், தூய தமிழ், ஒரு பிசிறும் இல்லை என்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. சுவரில் மாட்டும் பிளக்குக்கு அது பொருந்தும் என்று நானே ஒப்புக்கொள்கிறேன். டிரெய்லர் கனெக்டரிடம் மட்டும் அது செல்லாது.

வட அமெரிக்க வண்டிகளில் சிறிய டிரெய்லர்களுக்கு வரும் தட்டையான நாலு முனைக் கனெக்டரைப் பாருங்கள். ஒரே வரிசையில் நாலு முனை. வண்டிப் பக்கத்துத் தலையில் மூன்று குழிகள், ஒரு முள். டிரெய்லர் பக்கத்தில் மூன்று முட்கள், ஒரு குழி. காரணம் எளிது. வண்டிப் பக்கத்தில்தான் மின்சாரம் வந்து நிற்கிறது. டிரெய்லரைக் கழற்றிய பிறகும் விளக்கு, பிரேக், இண்டிகேட்டர் போட்டால் அந்த மூன்று முனைகளிலும் ஓட்டம் வரும், அவை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பம்பரில் பட்டு ஃபியூஸ் போகும். அதனால் அவை ரப்பருக்குள் ஒளிந்திருக்கின்றன. மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் முனை வண்டியின் இரும்பில் பட்டாலும் கேடில்லை, அது மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது சொல்லுங்கள், இதில் எந்தப் பக்கம் செருகி? இரண்டும் செருகுகிறது, இரண்டும் செருகப்படுகிறது. ஆண் பெண் என்று பிரிப்பவர்களுக்கும் இங்கே இதே திண்டாட்டம்தான். செருகிக் கட்சிக்காரர் ஒருவரிடம் இதைக் காட்டியபோது ‘அப்படியானால் செருகுவாய்ச்செருகி என்று வைத்துக்கொள்ளலாமே’ என்றார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

அடுத்தது இணைப்பான். துடைப்பான், அழிப்பான் வரிசையில் ஒழுங்காகப் பிறந்த சொல், பிறப்பில் குறையில்லை. ஆனால் வேற்றுமை ஏற்றிப் பாருங்கள்: ‘இணைப்பானை மாற்றவும்.’ பானை எங்கிருந்து வந்தது? ‘உடைந்த இணைப்பானை’ என்று எழுதிவிட்டால் ஓடு பொறுக்கத்தான் தோன்றும். சொல்லை அகராதியில் எழுவாயாக நிறுத்திவைத்து அழகு பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. சொல் வாக்கியத்தில் இறங்கி வேலை செய்ய வேண்டும்.

பட்டறைக்காரர்களைக் கேட்டால் ‘கப்ளர்’ என்பார்கள். மற்ற இடங்களில் எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. வாயில் புழங்கும் சொல் வாழட்டும். டிரெய்லரில் மட்டும் வேண்டாம். டிரெய்லரின் முன்முனையில், வண்டியின் இழுவைக் குமிழைக் கவ்விக்கொள்ளும் இரும்புப் பாகத்துக்கும் அதே பெயர்தான். ‘கப்ளர் கழன்றுவிட்டது’ என்று யாராவது கத்தினால் விளக்கு அணைந்ததா, டிரெய்லரே தனியாக ஓடிக்கொண்டிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் தீர்ப்பு: இணைப்பி. மின்மாற்றி, மின்தேக்கி, ஒலிபெருக்கி எல்லாம் இந்த ‘இ’ விகுதியில்தான் பொருளாக நிற்கின்றன. இணைப்பியைக் கழற்று, இணைப்பியில் களிம்பு, இணைப்பிக்கு மூடி, எங்கே போட்டாலும் பானையாகாமல் நிற்கிறது. வினையடியோடு விகுதி நேராகச் சேரவில்லையே, பெயரோடு ஒட்டியிருக்கிறதே என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. இணைக்கி என்று சொல்லிப் பாருங்கள், சுளிப்பு அடங்கிவிடும். இணைப்புக்கும் இணைப்பிக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம், அச்சில் கண் தவறும் என்பது நியாயமான புகார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தவறும் என்று தோன்றும் இடத்தில் கனெக்டர் என்றே எழுதிவிடுங்கள், தமிழ் ஒன்றும் குறைந்துவிடாது.

இரு பக்கத்தையும் பிரித்துச் சொல்ல இலக்கணத்திடம் கடன் வாங்கலாமே என்று ஒருநாள் ஆசை வந்தது. சொல்லும் சொல்லும் சேர்வது புணர்ச்சி. நிற்பது நிலைமொழி, வந்து சேர்வது வருமொழி. வண்டியில் நிலையாக இருப்பது நிலைவாய், டிரெய்லரோடு வருவது வருவாய். எழுதிப் பார்த்ததும் வருவாய் நேராகக் கணக்குப் புத்தகத்துக்குப் போய்விட்டது. வண்டிப் பக்கம், டிரெய்லர் பக்கம் என்றே சொல்வோம்.

சொல்லோடு நிறுத்தலாம்தான். ஆனால் அந்தக் கையேடு சும்மா விடுவதாக இல்லை. ‘வெள்ளைக் கம்பியைத் தரையில் இணைக்கவும்’ என்கிறது. ரப்பர் டயரில் நிற்கும் வண்டிக்கு ஏது தரை? ஆங்கிலத்தில் கிரவுண்ட் என்று இருந்ததை அப்படியே பெயர்த்துவிட்டார்கள். அது எர்த், வண்டியின் இரும்புச் சட்டத்தில், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, போல்ட்டால் முடுக்க வேண்டியது. இந்த எர்த் சரியில்லாவிட்டால் மின்சாரம் வேறு பல்பின் வழியாகத் திரும்பப் பார்க்கும். இடது இண்டிகேட்டர் போட்டால் மற்ற விளக்குகளும் சேர்ந்து மங்கலாகக் கண்சிமிட்டும். டிரெய்லர் விளக்குப் புகார்களில் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது வெள்ளை வயரைத்தான்.

பழுப்பு வயர் இன்னொரு பொறி. அந்த நாலு முனையில் மஞ்சள் இடது இண்டிகேட்டருக்கும் பிரேக்குக்கும், பச்சை வலதுக்கு அதே போல, பிரவுன் பின்விளக்குக்கு. பிரவுனைப் பழுப்பு என்று எழுதுகிறார்கள். பழுத்த இலையின் நிறத்தைப் பழுப்பு என்று கேட்டு வளர்ந்தவர் எந்த வயரை எடுப்பார்? மஞ்சளைத்தான். நிறத்தில் தூய்மை பார்க்காமல் காப்பிப்பொடி நிறம் என்று எழுதுங்கள்.

களிம்புக் கதையும் இதேதான். செம்பில் ஏறும் பச்சைக்குக் களிம்பு என்பது பழைய, அருமையான சொல். கையேடும் ‘களிம்பைச் சுரண்டி நீக்கவும்’ என்று சரியாகச் சொல்கிறது. நாலு வரி தள்ளி ‘முனைகளில் களிம்பு தடவவும்’ என்கிறது. இது ஈரம் புகாமல் தடவும் கிரீஸ். புண்ணுக்குப் போடும் மருந்தை நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். சுரண்டியதை எங்கே வைத்தோம் என்று நண்பர் தேடினார்.

நறுக்கிய வயரை ஒருவழியாகச் சரிசெய்தோம். சேசிஸுக்குள்ளிருந்து வயரைக் கொஞ்சம் வெளியே இழுத்து, உள்ளே செம்பு பளிச்சென்று தெரியும் வரை உரித்து, பசையுள்ள சுருங்கு குழாய் வைத்த கிரிம்ப் குழலால் (வயரை உள்ளே விட்டு நசுக்கிப் பிடிக்க வைக்கும் உலோகக் குழல்) ஒவ்வொரு நிறத்துக்கும் அதே நிறத்தில் புது வயர் நீட்டி, கிரிம்ப் அடித்து, சூடு காட்டி மூடி, அதன் நுனியில் புது இணைப்பி. நாலு ஒட்டையும் ஒரே இடத்தில் போட்டால் கட்டு தடித்துவிடும் என்று ஒவ்வொன்றையும் சற்றுத் தள்ளித் தள்ளிப் போட்டோம். டெஸ்ட் லேம்ப் வைத்து ஒவ்வொரு முனையாகப் பார்த்ததில் எல்லாம் எரிந்தது.

இனி டிரெய்லருக்குள் ஓடும் வயர்களைப் பார்க்க வேண்டும். நண்பர் கையேட்டில் பக்கத்தைத் திருப்பினார். தலைப்பு: ‘முன்னோட்ட வயரிங்.’ பின்னால் இழுபட்டு வருவதற்கு முன்னோட்டம் என்று பெயர். அவர் ஒருமுறை படித்தார், கையேட்டை மூடினார், கட்டிங் பிளேயரை என் கையில் கொடுத்துவிட்டார்.