ஹூவர்: ஒரு ரேவ் ஒலியின் பெயர்க் கதை

ஹூவர் (பெயர்ச்சொல்): ரேவ், ஹார்ட்கோர், காபர் முதலான மின்னணு நடன இசை வகைகளில் வரும் ஒரு சின்தசைசர் (ஒலியை மின்னணு முறையில் உருவாக்கும் கருவி) ஒலி. தடித்தது, கரகரப்பானது. ஒரே சுரத்தில் நிற்காமல் மேலும் கீழும் வழுக்கிக்கொண்டே போவது.

இங்கிலாந்தில் ஹூவர் என்றால் வீட்டில் தூசு உறிஞ்சும் இயந்திரம். எந்தக் கம்பெனி தயாரித்திருந்தாலும் அங்கே அது ஹூவர்தான். நாம் எந்த மெஷினில் நகல் எடுத்தாலும் ‘ஜெராக்ஸ்’ என்பதைப் போல. ‘வீட்டை ஹூவர் பண்ணினேன்’ என்று வினைச்சொல்லாகவும் பேசுகிறார்கள். ஒலிக்கு இந்தப் பெயர் வந்தது ஏன் என்று அந்த இயந்திரத்தைப் போட்டுப் பார்த்தாலே புரிந்துவிடும். சுவிட்சைத் தட்டியதும் அடியில் ஒரு உறுமல் கிளம்பி, மோட்டார் வேகம் பிடிக்கப் பிடிக்க ஊளையாக உயரும். குழாய் வாயைக் கையால் அடைத்தால் சத்தம் இன்னும் ஒரு படி மேலே ஏறும். நடன அரங்கில் கேட்பதும் கிட்டத்தட்ட இதேதான், ஆள் உயர ஸ்பீக்கரில்.

ஒலி பிறந்த இடம் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-களின் நடுவில் வெளியிட்ட ஆல்ஃபா ஜூனோ என்ற கீபோர்டு. அதில் தயாராக ஏற்றி விற்ற ஒலிகளில் ஒன்றின் பெயர் ‘வாட் தி’. ‘என்னடா இது’ என்று சொல்ல வந்து பாதியில் நிறுத்தியது போன்ற பெயர். அமைத்தவர் எரிக் பெர்சிங். ரோலண்டின் வேறு பல புகழ்பெற்ற ஒலிகளும் அவர் கைவேலைதான். பின்னாளில் ஸ்பெக்ட்ராசோனிக்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. ஒலியின் உள்ளே இருப்பது இவ்வளவுதான்: ரம்பப் பல் வடிவ அலை ஒன்று, அதன் அகலம் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். கீழ் ஸ்தாயியில் ஒரு துணை அலை. மேலே கோரஸ் என்ற விளைவு, ஒரு குரலைப் பல குரலாகக் கலக்கிக் காட்டுவதற்கு. அப்புறம், ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குத் தாவாமல் வழுக்கிச் செல்லும் வசதி. கர்நாடக இசையில் ஜாரு என்கிறோமே, அந்த மாதிரி.

சில ஆண்டுகள் அந்த ஒலி கேட்பாரற்றுக் கிடந்தது. 1991-இல் நியூயார்க்கைச் சேர்ந்த இசைக்காரர்கள் ஜோயி பெல்ட்ராமும் முண்டோ மியூசிக்கும் ‘செகண்ட் ஃபேஸ்’ என்ற குழுப் பெயரில் ஒரு இசைத்தட்டு வெளியிட்டார்கள். ‘மென்டாஸம்’ என்பது அதன் தலைப்பு. பெல்ட்ராமுக்கு அப்போது இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். முந்தைய ஆண்டே ‘எனர்ஜி ஃப்ளாஷ்’ என்ற தட்டின் மூலம் பெயர் வாங்கியிருந்தார். தட்டை வெளியிட்டது பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்து ஆர் அண்ட் எஸ் நிறுவனம். ரெனாட், சபீன் என்ற இருவரின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர்.

மென்டாஸத்தில் முணுமுணுக்க ஒரு மெட்டுக்கூடக் கிடையாது. பாடகர் இல்லை. டிரம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் மேல் இந்த ஒலி கூட்டமாக எழுகிறது, தாழ்கிறது, மறுபடி எழுகிறது. அதுவரை இந்த மாதிரிச் சத்தங்கள் பாட்டுக்கு நடுவே ஒரு அதிர்ச்சிக்காக வந்து போகும். இங்கே அதுவே கதாநாயகன். என்னைக் கேட்டால் இந்தத் தட்டின் புதுமை முழுவதும் இதில்தான் இருக்கிறது. மற்றபடி எலும்பும் தோலுமான ஒரு டெக்னோ பாட்டு, அவ்வளவுதான்.

அதே 1991-இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாமிலிருந்து ஹ்யூமன் ரிசோர்ஸ் குழுவின் ‘டாமினேட்டர்’ வந்தது. அதே ஒலி, கூடவே சவால் விடும் ஒரு குரல். ஐரோப்பா முழுக்க ஒலியைப் பரப்பியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. இங்கிலாந்தில் புராடிஜியின் ‘சார்லி’யிலும் அதே ஆண்டு ஹூவர் கேட்டது. ஆல்ஃபா ஜூனோ வாங்கக் காசில்லாதவர்கள் சும்மா இருக்கவில்லை. தட்டிலிருந்தே ஒரு துண்டை சாம்ப்ளரில் பதிந்துகொண்டு, தங்கள் கட்டைகளில் வாசித்தார்கள். சாம்ப்ளரில் சுரத்தை ஏற்றினால் துண்டின் வேகமும் கூடும், அதனால் ஒலி இன்னும் பதற்றமாகும். ஜங்கிள் இசை உருவான காலத்தில் லண்டனில் இது கிட்டத்தட்ட பொதுச்சொத்து. ரோட்டர்டாமின் காபர்காரர்கள் வேகத்தைக் கூட்டி, அடியில் ஒலியைச் சிதைத்த கிக் டிரம்மைப் போட்டு முரட்டுத்தனமாக்கினார்கள். பிறகு பிரிட்டிஷ் ஹார்ட் ஹவுஸ் இசைக்குப் போனது. 2009-இல் லேடி காகாவின் ‘பேட் ரொமான்ஸ்’ வந்தபோது, அதில் இந்தச் சாயல் கேட்டு ரேவ் கால ஆட்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

எல்லா ரேவ் ஒலியையும் ஹூவர் என்று சொல்லிவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. தவறு. டி-99 குழுவின் ‘அனஸ்தேசியா’வில் (அதுவும் 1991, அதுவும் பெல்ஜியம்) வருவது ஸ்டாப் (stab, குத்து): பல சுரங்களைச் சேர்த்து ஒரே குத்தாகக் குத்திவிட்டு ஓடிவிடும். ஹூவர் நின்று நிதானமாக வழுக்கும். ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் ஆட்கள் பலர் ஹூவர் என்று சொல்லாமல் தட்டின் பெயராலேயே ‘மென்டாஸம்’ என்கிறார்கள். ஒரு பாட்டின் பெயரே ஒலிக்குப் பொதுப்பெயராகிவிட்டது என்றால் அந்தத் தட்டின் செல்வாக்குக்கு வேறு சான்று தேவையில்லை.

சரி, ஹூவர் என்ற சொல் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் கேன்டன் ஊரில் ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்லர் என்ற துப்புரவுப் பணியாளர் இருந்தார். ஆஸ்துமாக்காரர். பெருக்கும்போது எழும் தூசு தாங்காமல் தானே ஒரு உறிஞ்சும் கருவியைச் செய்து, 1908-இல் காப்புரிமை பெற்றார். அதை வாங்கியவர் தோல் பொருள் வியாபாரி வில்லியம் ஹென்றி ஹூவர். செய்தவர் பெயர் மறைந்து, வாங்கியவர் பெயர் நின்றுவிட்டது. ஹூவர் என்பது ஜெர்மன் மொழியின் ஹூபர் என்ற குடும்பப் பெயரின் ஆங்கில வடிவம். ஹூபே என்பது ஒரு குடும்பம் உழுது பிழைக்கப் போதுமான நில அளவு. அதை வைத்திருந்தவர் ஹூபர். நம் ஊர்க் கணக்கில் காணியாளர். காணியாளர் பெயர் தூசு மெஷினுக்குப் போய், அங்கிருந்து நடன அரங்கில் ஏறியது என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘தூசு உறிஞ்சி ஒலி’ என்று பொருளைப் பெயர்த்தால் நீளம். ‘உறிஞ்சொலி’ என்று சுருக்கினால் யாரோ பாயசத்தைச் சத்தமாகக் குடிப்பது போல இருக்கிறது. ‘இரைச்சல்’ ஒலிப்பதிவுக்காரர்கள் வேண்டாத சத்தத்துக்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்ட சொல். ‘பிளிறல்’ நெருங்கி வருகிறது, ஆனால் யானையை விட்டுப் பிரிக்க முடியாது.

என் தேர்வு ‘உறுமொலி’. காரணம் உறுமி மேளம். அதன் ஒரு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். தோல் முனகிக்கொண்டே சுரம் ஏறி இறங்கும். அந்தச் சத்தத்தால்தான் கருவிக்கே அந்தப் பெயர். கோயில் திருவிழாவிலோ மலேசியத் தைப்பூசத்திலோ உறுமி கேட்டவர்களுக்கு, வழுக்கிக்கொண்டு போகும் கரகரப்பு எப்படியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஹூவருக்கும் உறுமிக்கும் வரலாற்று உறவு எதுவும் இல்லை. காதுக்கு உள்ள ஒற்றுமை மட்டுமே.

மென்டாஸம், டாமினேட்டர் போன்றவை தலைப்புகள், அவற்றை அப்படியே எழுதினால் போதும். கீபோர்டு, சாம்ப்ளர் இரண்டும் எல்லோர் வாயிலும் புழங்குபவை, மாற்ற வேண்டாம். பயன்பாட்டுக்கு ஒரு வாக்கியம்: ‘இரண்டாம் நிமிடத்தில் டிரம்மை நிறுத்திவிட்டு உறுமொலியை மட்டும் ஓடவிட்டிருக்கிறார்.’