இம்பாக்ட் எழுத்துரு: தலைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்

"எழுத்து நல்லா எடுப்பா தெரியணும்" என்று கேட்டு வருபவர்களில் பலர் இம்பாக்ட் ஃபான்ட்டை அவர்களே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். தலைப்புக்கு நல்ல தேர்வுதான். முகவரி, தொலைபேசி எண், நிபந்தனைகள் எல்லாவற்றையும் அதிலேயே போடச் சொல்லும்போதுதான் சிக்கல்.

ஜெஃப்ரி லீ வடிவமைத்த இந்த எழுத்துருவை இங்கிலாந்தின் ஸ்டீவன்சன் பிளேக் நிறுவனம் 1965-ல் உலோக அச்செழுத்தாக வெளியிட்டது. விண்டோஸோடு சேர்ந்து வரத் தொடங்கியதும் கணினிக்குக் கணினி பரவியது. குறுகிய இடத்தில் முடிந்தவரை கனமாக நிற்க வேண்டும், அதுதான் இதன் வேலை. அதனால் எழுத்துகள் ஒடுக்கமாக, நெருக்கமாக இருக்கும். ஆங்கிலச் சிற்றெழுத்துகளின் உடல் பேரெழுத்தின் உயரத்தை நெருங்கும். கீழே இறங்கும் வால்கள் குட்டை என்பதால் வரிகளை நெருக்கி அடுக்கலாம். போஸ்டர், செய்தித் தலைப்பு, வீடியோ முகப்புப் படம் ஆகியவற்றில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு விளிம்பு கட்டினால் எந்தப் படத்தின் மேலும் தெரியும். மீம்களில் இது இவ்வளவு ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தக் கனத்துக்கு விலை கொடுப்பது எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை இடம். 3, 6, 8, 9 நான்கையும் பெரிதாக்கிப் பாருங்கள். 3-இன் இடப்பக்கத் திறப்பும் 6, 9-இன் வாயும் வெறும் கீற்றுகள். விசிட்டிங் கார்டு அளவுக்குச் சுருக்கி அச்சடித்தால் மை பரவிக் கீற்று அடைபடும், நான்குமே 8 போலத் தெரியும். தொலைபேசி எண்ணிலாவது திரும்ப அழைத்துச் சரிபார்க்கலாம். மருந்து அளவிலும் காலாவதித் தேதியிலும் அப்படி விட முடியாது. அங்கெல்லாம் வாய் அகன்ற, சாதாரணத் தடிமனுள்ள சான்ஸ் செரிஃப் (கோட்டு முனைகளில் சிறு குறுக்குக் கோடுகள் இல்லாத) எழுத்துருதான் சரி. அச்சுக்குப் போகும் முன் உண்மையான அளவில் ஒரு பிரதி எடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பார்த்துவிடுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது.

சிலர் வேறொரு எழுத்துருவை இரண்டு பக்கமும் அமுக்கி இதே தோற்றத்தைக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். அகலத்தை மட்டும் அமுக்கினால் நிமிர்ந்த கோடுகள் மெலியும், படுக்கைக் கோடுகள் பழைய தடிமனிலேயே நிற்கும். ஒடுக்கமாகவே வடிவமைத்த எழுத்துருவில் நிமிர்ந்த கோடுதான் கனம், படுக்கைக் கோடு மெல்லிசு. நேர்தலைகீழ். ஆன்டன், லீக் காத்திக், பெபாஸ் நியூ என்று இலவசமாகவே நல்ல ஒடுக்க எழுத்துருக்கள் கிடைக்கும்போது அமுக்க வேண்டிய தேவையே இல்லை.

அப்புறம், போல்ட் பொத்தானைத் தொடாதீர்கள். இம்பாக்ட், ஆன்டன் இரண்டுக்கும் ஒரே தடிமன்தான். பொத்தானை அழுத்தினால் மென்பொருள் ஓரங்களைச் செயற்கையாக உப்பவைக்கும், மிச்சமிருந்த வெள்ளையும் போய்விடும். இணையப் பக்கத் தலைப்புகளுக்கு உலாவி தானாகவே போல்ட் போடும் என்பதால் அங்கே தடிமனைச் சாதாரணம் என்று நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.