ரிவிட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள்

வாணலியின் கைப்பிடியைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அதைச் சட்டியோடு பிடித்து வைத்திருக்கும் இரண்டு மூன்று மொட்டைத் தலைகள் தெரியும். பழைய டிரங்குப் பெட்டியின் மூலைகளிலும் அதுதான். பட்டறையில் ரிவிட் என்பார்கள். வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்களின் ஆயுளில் கணிசமான பகுதி இந்த ரிவிட்டோடுதான் கழிகிறது. இருவர் உட்காரும் ஒரு சின்ன அலுமினிய விமானத்துக்கே பத்தாயிரத்துக்கு மேல் அடிக்க வேண்டியிருக்கும்.

ஆமாம், வீட்டில்தான். கார் ஷெட்டில். அமெரிக்காவில் இது சட்டம் அனுமதிக்கிற பொழுதுபோக்கு. பாகங்களை கிட்டாக, அதாவது ஒரே தொகுப்பாக, வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வேலையில் பாதிக்கு மேல், கற்றுக்கொள்ளவோ பொழுதுபோக்காகவோ கட்டுகிறவர்கள் தங்கள் கையாலேயே செய்திருக்க வேண்டும். 1953 ஜனவரியில் மில்வாக்கியில் பால் போபரெஸ்னி என்ற விமானி இப்படிப்பட்ட கிறுக்கர்கள் சிலரைக் கூட்டி ஒரு சங்கம் ஆரம்பித்தார். பெயர் எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன், சுருக்கமாக ஈ.ஏ.ஏ. ஆரம்பத்தில் அதன் அலுவலகம் அவர் வீட்டின் நிலவறை. இன்று ஊர் ஊராகக் கிளைகள் இருக்கின்றன. ஜூலைக் கடைசியில் விஸ்கான்சினின் ஆஷ்கோஷில் இவர்கள் கூடும் ஒரு வாரம், அந்தச் சின்ன ஊரின் கன்ட்ரோல் டவர்தான் உலகிலேயே பரபரப்பானது.

சரி, ரிவிட்டுக்கு வருவோம். வெல்டிங் வைத்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். இறக்கையின் தோலாகப் போர்த்துவது செம்பு கலந்த 2024 என்ற அலுமினியக் கலவை. கனம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அதற்குப் பலம் வந்ததே பக்குவமாகச் சூடாக்கிக் குளிரவைத்ததால்தான். அதில் போய் வெல்டிங் நெருப்பைக் காட்டினால் அந்தப் பக்குவம் கெடும், ஒட்டிய இடத்தில் வெடிப்பும் விடும். அதனால் துளை, ஆணி, அடி.

துளை போட்டதும் கிளீகோ என்ற ஸ்பிரிங் கொக்கிகளைச் செருகித் தகடுகளைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிப்பார்கள். 2.4 மில்லிமீட்டர் துளைக்கு வெள்ளி நிறக் கொக்கி, 3.2-க்குச் செம்பு நிறம். பாதி வேலையில் இறக்கையைப் பார்த்தால் முள்ளம்பன்றிதான். அப்புறம் எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் உள்ள பிசிரைச் சுரண்டி எடுக்க வேண்டும். ரொம்பச் சலிப்பான வேலை. ஆனால் பிசிர் நின்ற இடத்தில்தான் பல வருட அதிர்வுக்குப் பிறகு விரிசல் பிறக்கும்.

இனி அடி. தகடுகளைத் திரும்பச் சேர்த்து ரிவிட்டைச் செருகியதும், அதன் தலைப்பக்கம் காற்றில் இயங்கும் சுத்தியல் துப்பாக்கி. மறுபுறம் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் வால் பக்கம் இன்னொருவர் ஒரு பளபளப்பான எஃகுக் கட்டியை அழுத்திப் பிடித்திருப்பார். அவர் அடிப்பதில்லை, சும்மா பிடிப்பதுதான் வேலை. துப்பாக்கி படபடவென்று தட்டும்போது, கட்டி தன் கனத்தால் உடனே நகர மறுக்கிறது. இரண்டுக்கும் நடுவே மாட்டிய வால் நசுங்குகிறது. உடம்பு முதலில் உப்பித் துளையை இடைவெளியில்லாமல் நிரப்பும், பிறகுதான் வால் தட்டையாகும். விசை வரும்போது தகடு துளைக்குள் ஆடாமல் இருப்பது இதனால்தான். 2.4 மில்லிமீட்டர் ரிவிட்டின் வால் 3.6 அகலமும் 1.2 உயரமும் வந்தால் சரி. விட்டத்தில் ஒன்றரை மடங்கு, பாதி மடங்கு என்பது கணக்கு.

பெரிய தகட்டில் இரண்டு பக்கத்துக்கும் ஒருவர் கை எட்டாது. அதனால் மனைவி, பிள்ளை, கிளைச் சங்கத்து நண்பர் என்று யாராவது அந்த எஃகுக் கட்டியைப் பிடிக்க வந்தாக வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது, குரல் மட்டும்தான். துப்பாக்கி வழுக்கினால் தகட்டில் பிறை மாதிரி ஒரு வடு விழும், அதற்கு ஸ்மைலி என்று பெயர். கோணலாகிப்போன ரிவிட்டை எல்லாம் துளைத்து எடுக்கவும் கூடாது. எடுக்கப் போய்த் துளை பெரிதானால் இருந்ததைவிட மோசம். எதை விடலாம், எதை எடுக்கணும் என்று சொல்ல அனுபவசாலி வேண்டும். சங்கத்தில் இதற்கென்றே தன்னார்வ ஆலோசகர்கள் உண்டு. இறக்கையை மூடுவதற்கு முன் வந்து டார்ச் அடித்துப் பார்ப்பார்கள்.

இந்த இரண்டாவது கண் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு விபத்தைச் சொல்லலாம். 1997 அக்டோபரில் பாடகர் ஜான் டென்வர், வேறொருவர் கட்டி, தான் வாங்கிய லாங்-ஈஸி விமானத்தோடு கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அந்த விமானத்தை வடிவமைத்த பர்ட் ரூட்டானின் வரைபடத்தில் பெட்ரோல் டாங்க் மாற்றும் வால்வு விமானிக்கு முன்னால், கால்களுக்கு நடுவே இருந்தது. முதலில் கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் மாற்றிவிட்டார். விமானி அறைக்குள் பெட்ரோல் குழாய் வேண்டாம் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் பறக்கும்போது திரும்பிக் கையை நீட்டினால் வலது கால் தானாகவே பெடலை அழுத்தும், விமானம் திரும்பிவிடும். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு அந்த வால்வைத் திருப்பிக் காட்டு பார்க்கலாம் என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

கட்டி முடித்ததும் எடைபோடுவார்கள், மூன்று சக்கரத்துக்கும் மூன்று தராசு. மொத்த எடையைவிட அது எந்தப் புள்ளியில் சமநிலை கொள்கிறது என்பதுதான் கேள்வி. இந்த அளவு விமானங்களில் அந்தப் புள்ளி ஏறக்குறைய ஒரு சாண் தூரத்துக்குள் இருந்தாக வேண்டும். 500 கிலோ விமானத்தில், அந்தப் புள்ளிக்கு 4 மீட்டர் பின்னால், வாலில் 4 கிலோ கூடினால், அது 3 சென்டிமீட்டருக்கு மேல் பின்னால் போய்விடும். அளவு தாண்டிப் போனால் மூக்கு நிமிர்ந்து வேகம் குறையும்போது அது தானாகக் கீழே இறங்காது.

அடுத்தது பெட்ரோல் சோதனை. மூக்கை மேலேறும் கோணத்துக்குத் தூக்கி வைத்து, இன்ஜினுக்குப் போகும் குழாயைக் கழற்றி வாளியில் விடுவார்கள், கையில் ஸ்டாப்வாட்ச். புவியீர்ப்பால் மட்டும் இறங்கும் அமைப்பென்றால், முழு சக்தியில் இன்ஜின் குடிப்பதைப் போல ஒன்றரை மடங்கு வர வேண்டும். பம்ப் இருந்தால் ஒன்றேகால் மடங்கு போதும்.

பிறகு வாசலில் இரண்டு அங்குல எழுத்தில் எக்ஸ்பெரிமென்டல் என்று எழுதி, ஆள் நடமாட்டம் குறைந்த இடத்துக்கு மேலே சோதனைப் பறப்பு. சான்று பெற்ற இன்ஜினும் புரொப்பெல்லரும் என்றால் பொதுவாக 25 மணி நேரம், இல்லாவிட்டால் 40. அதுவரை சவாரிக்கென்று யாரையும் ஏற்றக் கூடாது. மாதக்கணக்கில் அந்தப் பக்கம் நின்று எஃகுக் கட்டியைப் பிடித்தவர் ஓடுபாதை ஓரத்தில், அண்ணாந்து பார்த்தபடி காத்திருப்பார்.