களிம்பு வாங்கும் முன் நோயின் பெயரை முழுசாகப் படியுங்கள்

திருப்பூர் சாயப்பட்டறைத் தொழிலாளியின் மருந்துச் சீட்டிலும், பெருந்துறைப் பக்கம் காட்டில் களை பறிப்பவரின் சீட்டிலும் நோயின் பெயர் 'டெர்ம' என்று தொடங்கலாம். கிரேக்கத்தில் டெர்மா என்றால் தோல். ஆனால் மருந்தை முடிவு செய்வது பெயரின் பின்பகுதிதான்.

'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. டெர்மடைட்டிஸ் சிமெண்டிலுள்ள குரோமேட்டாலும் வரும், நாளெல்லாம் கை ஈரத்தில் கிடப்பதாலும் வரும். பார்த்தீனியம் என்றால் செடியைத் தொடக்கூட வேண்டியதில்லை, காற்றில் வரும் தூசியே போதும்; கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு தடித்துப்போகும். இதற்கு மருத்துவர், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு களிம்பு தருவது சரிதான். காரணத்தை விலக்காவிட்டால் திரும்ப வரும்.

'ஃபைட்', 'மைக்கோசிஸ்' என்று இருந்தால் கதையே வேறு. ஃபைட்டான் என்றால் செடி, மைக்கேஸ் என்றால் காளான். அந்தக் காலத்தில் பூஞ்சையையும் தாவரத்தில்தான் சேர்த்திருந்தார்கள். டெர்மட்டோஃபைட்டோசிஸ் என்பது நம் படர்தாமரை. ஓனிக்ஸ் நகம் என்பதால் ஓனிக்கோமைக்கோசிஸ் நகப்பூஞ்சை.

தப்பு நடப்பது இங்கேதான். மெடிக்கலில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. சில நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்கும், பூஞ்சை சாகாது. உடம்பின் எதிர்ப்பு குறைவதால் அது இன்னும் பரவும். படர்தாமரை வட்டத்தின் ஓரம் கலைந்து, பார்த்ததும் இன்னதென்று சொல்ல முடியாமல் போகும். தொடை இடுக்கில் தோல் மெலிந்து வரி விழும், அந்த வரி மறையாது. ட்யூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் பாருங்கள்: குளோட்ரிமசோல் பூஞ்சை மருந்து, குளோபெட்டசால் வீரியமான ஸ்டீராய்டு. காதுக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும்.

பூஞ்சைக் களிம்பை வட்டத்துக்கு வெளியே 2 செ.மீ. வரை தடவ வேண்டும். ஆட்காட்டி விரலின் நுனிக்கணு நீளம் பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். மறைந்த பிறகும் 2 வாரம் தொடருங்கள். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் சேர்த்தே வைத்தியம் பாருங்கள், துண்டு தனித்தனி. கால் நகம் முழுசாக வளர 12 முதல் 18 மாதம் ஆகும். நகப்பூஞ்சைக்குத் தந்த மாத்திரை முடிந்தும் நகம் தெளியவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

சந்தேகம் என்றால் ஓரத்துச் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அன்றைக்குக் களிம்பு, எண்ணெய் எதுவும் தடவாமல் வாருங்கள். இதுவரை போட்ட ட்யூபுகளைக் காலியானாலும் எறியாமல் கொண்டுவாருங்கள்.