படத்தில் ஒன்றும் இல்லையே, அப்புறம் எதற்குக் குழி?

ஸ்காட்லாந்தில் ஒரு வயலில் வீடு கட்டப் போகிறார்கள் என்றால், அதன் பழைய வான்வழிப் படங்களைப் பார்த்து மண்ணுக்கடியில் என்ன இருக்கலாம் என்று சொல்வது என் வேலை. கட்டுவதற்கு முன் சோதனைக் குழி வெட்டிப் பார்க்க வேண்டும் என்றால், நிலக்காரர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விதான் தலைப்பில் இருப்பது.

ரோமானியப் படை வடக்கே வந்தபோது, ஓரிரு இரவு தங்கும் முகாமுக்கே சுற்றிலும் அகழி வெட்டி, அந்த மண்ணை உள்பக்கம் கரையாகப் போட்டார்கள். உள்ளே தோல் கூடாரங்கள், கூடாரத்துக்கு எட்டுப் பேர். கிளம்பும்போது கூடாரமும் போய்விடும். கல் கட்டடம் கிடையாது. பிற்காலத்து உழவு கரையைத் தரைமட்டமாக்கி அகழியைத் தூர்த்துவிட்டது. வரப்பில் நின்று பார்த்தால் வெறும் பார்லி வயல்தான்.

ஆனால் தூர்ந்த அகழியில் மண் ஆழம், ஈரம் நின்று பிடிக்கும். மழை பொய்த்த ஜூலையில் வயல் முழுக்க வெளுத்துப் பழுக்கும்போது, அதன் மேல் நிற்கும் பயிர் மட்டும் பச்சை மாறாமல் ஓங்கி நிற்கும். மேலிருந்து பார்த்தால் ஒரு பச்சைக் கோடு. மூலையில் அது சீட்டுக்கட்டுச் சீட்டின் முனை போல வளையும். வாசல் இருந்த இடத்தில் அறுந்துபோகும். அதற்கு நேரே, கொஞ்சம் தள்ளி, தனியாக ஒரு குட்டைக் கோடு. வாசலைப் பார்த்துப் பாய்ந்து வருகிறவர்களைத் தடுக்க வெட்டிய துண்டு அகழி அது. இவை மூன்றும் ஒரே படத்தில் கிடைத்த நாளில் என் டீ ஆறிப்போயிருக்கும்.

சிக்கல் என்னவென்றால், இந்தக் கோடு எல்லா வருடமும் வராது. மழை நன்றாகப் பெய்தால் வராது. புல்லோ உருளைக்கிழங்கோ போட்டிருந்தால் பெரும்பாலும் வராது. களிமண் நிலம் லேசில் காட்டிக்கொடுக்காது. 1976, 2018 போன்ற வறண்ட கோடைகள்தான் எங்களுக்கு அறுவடைக் காலம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜே. கே. செயின்ட் ஜோசப் 1945 முதல் விமானத்தில் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தவர். அபர்டீன்ஷயரில் உள்ள டர்னோ முகாம் அவர் கண்ணிலேயே 1975இல்தான் பட்டது. அதன் பரப்பு சுமார் 58 ஹெக்டேர்! கி.பி. 83 அல்லது 84இல் ரோமானியர்களுக்கும் உள்ளூர்ப் பழங்குடிகளுக்கும் நடந்த மோன்ஸ் கிராபியஸ் போர் அதன் அருகில்தான் நடந்தது என்று அவர் வாதிட்டார்; அது எங்கே நடந்தது என்ற வாதம் அறிஞர்களிடையே இன்னும் ஓயவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு வயலுக்கு இரண்டே வருடப் படங்களைப் பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டுமே ஈரமான கோடைகள். அதே வயலின் வறண்ட வருடப் படத்தை ஒரு மூத்தவர் எடுத்து மேசையில் போட்டார். கோடு பளிச்சென்று இருந்தது. இப்போதெல்லாம் 'இந்தப் படங்களில் தெரியவில்லை' என்று மட்டும் எழுதுகிறேன்.

கோடு தெரிந்தாலும் கதை முடியாது. அதே அபர்டீன்ஷயரில், கின்டோர் முகாமில் கட்டடப் பணிக்கு முன் மேல்மண்ணை வழித்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட ரொட்டி அடுப்புகள் கிடைத்தன. அத்தனை சின்னக் குழிகளைப் படத்தை நம்பிக் கணக்கெடுக்க முடியாது.

உங்கள் ட்ரோனில் இப்படி ஒரு கோடு பட்டால், இடத்தைப் பொதுவில் போட்டுவிடாதீர்கள். உலோகம் தேடும் கருவியோடு ராத்திரியில் ஆள் வந்துவிடும். உள்ளூர்த் தொல்லியல் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். படமெடுத்த தேதியையும், வயலில் என்ன பயிர் நின்றது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.