ஆடுகிற கையால் ஆடாத சுவர்

"கார் தொழிற்சாலையில் 1961-லேயே ரோபோ வேலைக்கு வந்தாச்சு, ஒரு செங்கலை எடுத்து இன்னொன்றின் மேல் வைக்க அதற்கு என்ன கஷ்டம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. முயற்சி செய்யாமலும் இல்லை. 1967-இல் பிரிட்டனில் செங்கல் அடுக்கும் யந்திரம் ஒன்றைப் படம் பிடித்தே காட்டினார்கள், 1990-களில் ஜெர்மனி ஆய்வுக்கூடங்களில் பெரிய பெரிய ரோபோக்கள் செய்து பார்த்தார்கள். எதுவும் பரவலாகக் கட்டுமானத் தளத்துக்கு வந்து சேரவில்லை.

காரணம் எடையோ வேகமோ இல்லை. தொழிற்சாலையில் ரோபோவைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கிவிடலாம், கார் அதைத் தேடி வரும். வீடு கட்டும் இடத்தில் சுவர் நகராது, ரோபோதான் சுவரைத் தேடிப் போக வேண்டும். கல்லை எங்கே வைப்பது என்று தெரிவதற்கு முன்னால், தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். 2006-இல் சுவிட்சர்லாந்தின் ஃப்ளாஷ் கிராமத்தில் கான்டன்பைன் ஒயின் ஆலைக்கு ஒரு ரோபோ 20,000 செங்கற்களை ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கோணத்தில் திருப்பித் திருப்பி அடுக்கி, தூரத்திலிருந்து பார்த்தால் திராட்சைப் பழங்கள் தெரிகிற மாதிரி சுவர் செய்து கொடுத்தது. ஆனால் அது பட்டறைக்குள் செய்து, துண்டு துண்டாக லாரியில் கொண்டுபோய் மாட்டிய சுவர். அமெரிக்காவின் சாம் ரோபோ தளத்துக்கே வந்தது, சுவரை ஒட்டிய மேடையில் தண்டவாளம் போட்டு அதன் மேல் நகரும். கலவை பூசிக் கல்லை வைப்பது அதன் வேலை. மூலை திருப்புவதும் பிதுங்கிய கலவையை வழிப்பதும் பக்கத்தில் நிற்கும் கொத்தனார் வேலை.

நான் சொக்கிப் போனது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஃபாஸ்ட்பிரிக் நிறுவனம் உருவாக்கிய ஹேட்ரியன் எக்ஸில். லாரி மேல் ஒரு நீண்ட மடக்குக் கை, புதிய மாடலில் 32 மீட்டர். லாரி ஓரமாக நின்றுகொள்ளும், கை மட்டும் நீண்டு போய் வீடு முழுக்கக் கல் வைக்கும். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 மீட்டர் கையின் அடியில் கோணம் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் நுனியில் 5 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். அந்த நீள எஃகு, காலையிலிருந்து மதியத்துக்குள் 20 டிகிரி சூடேறினால் 7 மில்லிமீட்டர் நீளும். காற்று அடித்தால் ஆடும். கல்லை விட்டதும் பாரம் குறைந்து நுனி கொஞ்சம் எழும்பும். சுவரில் கொத்தனார் பொறுத்துக்கொள்வது சில மில்லிமீட்டர்தான்.

கை ஆடாதபடி இன்னும் கனமாக, இன்னும் விறைப்பாகச் செய்வது முதலில் தோன்றும் வழி. ஆனால் கனம் கூடக்கூட அதைத் தாங்க இன்னும் கனம் வேண்டும், அதற்கு முடிவே இல்லை. அதனால் இவர்கள் ஆட்டத்தை நிறுத்தப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். ஆடட்டும், ஆனால் எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்தால் போதும் என்று முடிவு செய்தார்கள்.

தரையில் தனியாக ஒரு லேசர் கருவி நிற்கும். கையின் நுனியில் ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று கண்ணாடிகள் சேர்ந்த ஒரு மூலை இருக்கும். அதற்குள் முன்பக்கமிருந்து சற்றுச் சாய்வாக ஒளி பட்டாலும் மூன்று தடவை எதிரொளித்து வந்த திசையிலேயே திரும்பிப் போய்விடும், 1969-இல் அப்போலோ 11 நிலாவில் வைத்துவிட்டு வந்ததும் இதே வகைதான். திரும்பி வரும் ஒளி கருவியின் நடுப்புள்ளியில் விழாமல் சற்று விலகி விழுந்தால் நுனி நகர்ந்துவிட்டது என்று பொருள். உடனே மோட்டார்கள் லேசரைத் திருப்பி மறுபடி நடுவுக்குக் கொண்டுவரும். தூரம் ஒன்று, திரும்பிய கோணம் இரண்டு, இந்த மூன்றும் இருந்தால் நுனி எங்கே என்று சொல்லிவிடலாம், நுனி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையும் தனியாக அளக்க வேண்டும். இது விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை நடக்கிறது. அந்த நுனியில் இன்னொரு குட்டிக் கை இருக்கிறது, பெரிய கை இடப்பக்கம் 8 மில்லிமீட்டர் போனால் அது வலப்பக்கம் 8 மில்லிமீட்டர் போகும். கோழியைக் கையில் பிடித்து உடம்பை முன்னும் பின்னும் அசைத்தால் தலை மட்டும் அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்குமே, அப்படி.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அளந்து, கணக்கிட்டு, மோட்டாரை நகர்த்துவதற்குள் கொஞ்ச நேரம் ஓடிவிடும். கை விநாடிக்கு ஒருமுறை போய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். திருத்தம் அரை விநாடி தாமதமானால், பெரிய கை மறுபக்கம் போய்விட்ட நேரத்தில் குட்டிக் கையும் அதே பக்கம் தள்ளும், பிழை இரண்டு மடங்காகும். திருத்தாமல் சும்மா இருந்திருந்தாலே தேவலை! எனவே இப்போது எங்கே இருக்கிறது என்பதோடு நில்லாமல், இன்னும் சில மில்லிவிநாடியில் எங்கே இருக்கும் என்பதையும் ஊகிக்க வேண்டும்.

சரி, அப்புறம் கலவை. ஹேட்ரியன் சிமென்ட் கலவையைத் தொடுவதே இல்லை, பசைதான். அதில் புத்திசாலித்தனமும் உண்டு, நழுவலும் உண்டு. கலவை ரொம்பச் சிக்கலான பொருள். கரண்டியால் அசைத்தால் இளகும், விட்டால் இறுகும், குழாயில் அழுத்தினால் தண்ணீர் பிரிந்து மணல் அடைத்துக்கொள்ளும், காய்ந்த கல்லில் வைத்தால் கல் தண்ணீரை உறிஞ்சிவிடும். கொத்தனார் கரண்டியில் எடுக்கும்போதே கை கனத்தில் தெரிந்துகொண்டு இரண்டு சொட்டு தண்ணீர் விட்டுக் கிளறுவார். ஆனால் அந்த ஒரு சென்டிமீட்டர் கலவைதான் கல்லுக்குக் கல் இருக்கும் அளவு வித்தியாசத்தை விழுங்குகிறது. மெல்லிய பசை எதையும் விழுங்காது, கல்லுக்கு 2 மில்லிமீட்டர் கூடினாலும் 50 வரிசை ஏறுவதற்குள் 10 சென்டிமீட்டர் தூக்கிவிடும். அதனால் அளவு பிசகாத கற்களே வேண்டும்.

ஆராய்ச்சிப் பணம் போகிற விதத்தில் எனக்குள்ள கோபமும் இங்கேதான். நீண்ட கை ரோபோவைக் காட்டினால் முதலீடு கொட்டும், கலவை குழாய்க்குள் ஏன் அடைக்கிறது என்று நான்கு வருஷம் உட்கார்ந்து படிக்கிறேன் என்று ஒருவர் கேட்டால் கொட்டாவி விடுவார்கள். ரோபோ வந்தால் கொத்தனாருக்கு வேலை போய்விடுமே என்ற பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை, ஆனால் மூன்று கிலோ கல்லை நாளெல்லாம் குனிந்து குனிந்து எடுக்கிற முதுகின் பக்கமிருந்தும் அதைப் பார்க்க வேண்டும்.

ஆம்ஸ்டர்டாமின் மானுமென்டல் நிறுவனம் நேர் எதிரான வழியில் போகிறது. நீண்ட கையே வேண்டாம், சின்னச் சின்ன மின்வண்டிகள் சுவருக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். கை குட்டையானால் கோணப் பிழையும் அதே விகிதத்தில் சுருங்கிவிடும், 30 மீட்டரில் 5 சென்டிமீட்டர் தள்ளிய அதே பிசகு ஒரு மீட்டர் கையில் 2 மில்லிமீட்டருக்கும் குறைவுதான். இவர்கள் பசையை நாடாமல் கலவையோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம்.